சிவப்பு பெரில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவப்பு பெரில் என்பது மாணிக்கத்தில் ஒரு வகையா?

இல்லை. மாணிக்கம் அலுமினியம் ஆக்சைடு, அதாவது கொரண்டம். சிவப்பு பெரில் மரகதத்தின் குடும்பம். பெரிலியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் ஆகிய நான்கும் 3:2:6:18 என்ற விகிதத்தில் சேர்ந்தால் பெரில். அதில் குரோமியமோ வனேடியமோ கலந்தால் பச்சை மரகதம், இரும்பு கலந்தால் நீல அக்குவாமரைன், மாங்கனீசு கலந்து குறிப்பிட்ட நிலையில் உட்கார்ந்தால் இந்தச் சிவப்பு.

குடும்பம் ஒன்றானாலும் பிறந்த இடம் வேறு. மற்ற பெரில்களில் பெரும்பாலானவை பெக்மடைட் என்னும் கரடுமுரடான பாறையிலோ, பூமிக்கடியில் ஓடிய சூடான நீர் படிந்த வெடிப்புகளிலோ வளர்ந்தவை. சிவப்பு பெரில் எரிமலைக் குழம்பு தரைக்கு வந்து இறுகிய ரயோலைட் பாறையில் வளர்ந்தது. இந்தப் பக்கத்தில் வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

எங்கே கிடைக்கிறது?

பட்டை தீட்டி நகையில் வைக்கும் தரத்தில் கிடைப்பது உலகத்தில் ஒரே இடத்தில்: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பீவர் மாவட்டத்தைச் சேர்ந்த வா வா மலைகளில் உள்ள ரூபி வயலட் சுரங்கம்.

அதே மாநிலத்தில், வடக்கே ஜுவாப் மாவட்டத்திலுள்ள தாமஸ் மலைத்தொடரிலும் உண்டு. அங்கே கிடைப்பவை சில மில்லிமீட்டர் அளவுள்ள தட்டையான அறுகோணத் துண்டுகள். நிறம் நன்றாக இருக்கும், ஆனால் உள்ளே வெடிப்பும் அழுக்கும் நிறைந்திருப்பதால் பட்டை தீட்ட உதவாது. பாறையோடு சேர்த்து மாதிரியாக வைத்துக்கொள்வோர் வாங்குவார்கள். நியூ மெக்சிகோவின் பிளாக் ரேஞ்ச் பகுதியில் இதைவிடவும் சிறியவை கிடைத்திருக்கின்றன.

மடகாஸ்கர், பிரேசில், ஆப்கானிஸ்தான் என்று ஊர் போட்டு யாராவது சிவப்பு பெரில் விற்றால், அது வேறு ஏதோ கல். இந்த ஒரு கல்லுக்கு மட்டும் ஊர்ப் பெயரே முதல் சோதனை.

யார் கண்டுபிடித்தது? பிக்ஸ்பைட், ரெட் எமரால்டு என்றெல்லாம் சொல்கிறார்களே?

1904-இல் மேனார்ட் பிக்ஸ்பி என்ற கனிமத் தேடல்காரர் தாமஸ் மலைத்தொடரில் முதலில் எடுத்தார். அடுத்த ஆண்டு வேதியியலாளர் ஹில்பிராண்ட் பகுத்துப் பார்த்து, இது பெரில்தான் என்று உறுதிசெய்தார். 1912-இல் ஆல்ஃபிரட் எப்லர் 'பிக்ஸ்பைட்' என்று பெயர் வைத்தார். சிக்கல் என்னவென்றால், அதே பிக்ஸ்பியின் பெயரால் 'பிக்ஸ்பியைட்' என்ற கறுப்பு மாங்கனீசு-இரும்பு ஆக்சைடு 1897 முதலே இருந்தது. அதுவும் தாமஸ் மலைத்தொடரில் கிடைத்ததுதான். போதாக்குறைக்கு, சிவப்பு பெரிலுக்கு உள்ளேயே கறுப்புப் புள்ளியாக அந்தப் பிக்ஸ்பியைட் இருக்கும். குழப்பம் வேண்டாம் என்று ரத்தினவியலாளர்கள் 'பிக்ஸ்பைட்' என்ற பெயரை ஒதுக்கிவிட்டார்கள். 'ரெட் எமரால்டு' வியாபாரத்துக்காக வைத்த பெயர்.

நகைத் தரக் கற்கள் வந்தது வெகு காலம் கழித்து. 1958-இல் லமார் ஹாட்ஜஸ் என்பவர் வா வா மலைகளில் யுரேனியம் தேடி அலைந்தபோது இந்தப் படிகங்களைக் கண்டார். 1976-இல் சுரங்க உரிமை டெல்டா ஊரைச் சேர்ந்த ஹாரிஸ் குடும்பத்தின் கைக்கு வந்தது. 1990-களில் கென்னகாட் போன்ற பெரிய சுரங்க நிறுவனமும் வந்து ஆராய்ந்து பார்த்தது. தொடர்ந்து பெரிய அளவில் சுரங்கம் நடத்தும் நிலை வரவில்லை.

எரிமலைப் பாறையில் பெரில் எப்படி வளர்கிறது?

வா வா மலைகளில் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ரயோலைட் குழம்பு மேலே வந்தது. சிலிக்கா மிகுந்த, பிசுபிசுப்பான குழம்பு. இதில் ஃபுளோரின் வழக்கத்தைவிட அதிகம். இந்த வகை ரயோலைட்டின் பொந்துகளில் புஷ்பராகம் வளர்ந்திருக்கும், அதனால் இதற்குப் 'புஷ்பராக ரயோலைட்' என்றே பெயர்.

பெரிலியம் சிறிய அணு. குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் போன்ற சாதாரணக் கனிமங்கள் வளரும்போது அது அவற்றுக்குள் எளிதில் நுழையாது. குழம்பு இறுக இறுக, மிச்சமுள்ள திரவத்திலும் ஆவியிலும் பெரிலியம் சேர்ந்துகொண்டே போகும். ஃபுளோரின் அதோடு இணைந்து, ஆவி வழியே தூக்கிச் செல்லும்.

பாறை இறுகிக் குளிரும்போது சுருங்கும். சுருங்கும்போது நெடுக்கும் குறுக்குமாக வெடிப்பு விழும். அந்த வெடிப்புகளில் ஃபுளோரின் மிகுந்த சூடான ஆவி ஏறியது. ஏறிய ஆவி, ஓரத்திலிருந்த ஃபெல்ஸ்பாரைத் தின்று அலுமினியத்தையும் சிலிக்காவையும் விடுவித்தது. இரும்பு-மாங்கனீசு ஆக்சைடுகளைத் தாக்கி மாங்கனீசை எடுத்தது. பெரிலியம் அதனிடம் ஏற்கெனவே இருந்தது. நான்கும் ஓரிடத்தில் சேர்ந்தபோது, வெடிப்பின் சுவரிலும் அதை ஒட்டிய பாறைக்குள்ளும் சிவப்பு பெரில் வளர்ந்தது. அப்போது வெப்பநிலை குழம்பு உருகி நின்ற அளவுக்கும் கீழே, களிமண் உருவாகும் அளவுக்கும் மேலே. ஏறத்தாழ 300 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரை என்று கணிக்கிறார்கள்.

பிற்பாடு, வெப்பம் நன்றாக இறங்கியதும், அதே வெடிப்புகளில் நீர் புகுந்து பாறையைக் களிமண்ணாக மாற்றியது. இன்று சுரங்கத்தில் பார்த்தால் சாம்பல் கலந்த வெள்ளைப் பாறை, அதில் மெல்லிய வெள்ளைக் களிமண் நரம்பு, நரம்பை ஒட்டிச் சிவப்பு அறுகோணத் தூண்கள் என்று தெரியும். தூணின் தலை கூம்பாக இருக்காது, வெட்டி வைத்ததுபோல் தட்டையாக இருக்கும். அதன் வெடிப்புகளுக்குள்ளும் அந்தக் களிமண் வெள்ளையாக ஏறியிருக்கும்.

ஃபுளோரின் ரயோலைட் பல இடங்களில் இருக்கிறதே, அங்கெல்லாம் ஏன் கிடைப்பதில்லை?

இந்தக் கேள்விக்கு யூட்டாவிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. தாமஸ் மலைத்தொடருக்கு மேற்கே ஒட்டினாற்போல் ஸ்போர் மலை இருக்கிறது. உலகின் பெரிலியம் உலோகத்துக்கு முக்கியமான மூலம் அந்தச் சுரங்கம். அங்கே பெரிலியத்துக்குப் பஞ்சமில்லை, ஃபுளோரினுக்கும் பஞ்சமில்லை. ஆனால் சூடான நீர்த்திரவங்கள் எரிமலைச் சாம்பல் படிவத்துக்குள் ஊறிப் பெரிலியத்தை பெர்ட்ரண்டைட் என்ற கனிமமாகப் படியவைத்தன. அதன் கட்டமைப்பிலேயே ஹைட்ராக்சில், அதாவது நீரிலிருந்து வந்த ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணை, உண்டு. ஆலைக்கு அது பொன், நகைக்கு உதவாது.

ஆக, பெரிலியம் இருந்தால் மட்டும் போதாது. ஃபுளோரின் வேண்டும். நீர் மிகக் குறைவாக இருக்க வேண்டும். மாங்கனீசை மூன்று மின்னூட்ட நிலைக்குத் தள்ளும் அளவுக்கு ஆக்சிஜன் சூழல் வேண்டும். வெடிப்பு சரியான வெப்பநிலையில் திறந்து, படிகம் வளரும் வரை மூடாமல் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியே அரிதல்ல, எல்லாம் ஒருசேர நடப்பதுதான் அரிது.

விளம்பரங்களில் 'ஒன்றரை லட்சம் வைரத்துக்கு ஒரு சிவப்பு பெரில்' என்று ஒரு கணக்கு சுற்றுகிறது. அரிது என்பது உண்மை. அந்தக் கணக்கை வைத்து விலை பேச வேண்டாம்.

சிவப்பு எதனால் வருகிறது? வெயிலில் மங்குமா?

அலுமினியம் உட்காரும் இடத்தில் மூன்று மின்னூட்ட மாங்கனீசு உட்காருவதால். மார்கனைட் என்ற இளஞ்சிவப்புப் பெரிலுக்கும் மாங்கனீசுதான் காரணம், ஆனால் அது பெக்மடைட்டில் பிறந்தது. அதன் நிறத்தை எவ்வளவு கூட்டினாலும் இந்தச் சிவப்பு வராது.

வெயிலுக்கு நிறம் போகாது. ஒரே படிகத்துக்குள் நிறம் சீராக இல்லாமல் இருப்பது வழக்கம். நடுவில் ஆரஞ்சு சாய்ந்த சிவப்பும் வெளியே ஊதா சாய்ந்த சிவப்பும் இருக்கும். உள்ளே இருக்கும் அந்த ஆரஞ்சுப் பகுதி சிலவற்றில் மணற்கடிகார வடிவில் தெளிவாகத் தெரியும். உருப்பெருக்கியில் அந்த வடிவத்தைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், அது இயற்கைக் கல்லுக்குச் சாதகமான சாட்சி.

எல்லாக் கல்லும் ஏன் இவ்வளவு சிறியதாக இருக்கின்றன?

ஆவி வந்த வெடிப்பு மெல்லியது, வளரக் கிடைத்த காலமும் குறைவு. பெக்மடைட்டில் அக்குவாமரைன் ஆள் உயரம்கூட வளரும். இங்கே ஒரு சென்டிமீட்டர் நீளம் வந்தாலே நல்ல படிகம். அதிலும் வெடிப்பையும் களிமண்ணையும் ஒதுக்கி வெட்டினால் மிஞ்சுவது கொஞ்சம். வெட்டிய கற்களில் பெரும்பாலானவை கால் காரட்டுக்கும் கீழே. ஒரு காரட் தாண்டிய சுத்தமான கல் அபூர்வம்.

எப்படித் தோண்டி எடுக்கிறார்கள்?

திறந்தவெளிக் குழிதான். தோண்டும் இயந்திரத்தால் பாறையைப் பெயர்த்து, சிவப்பு தெரியும் துண்டுகளைக் கண்ணால் பார்த்துக் கையால் பொறுக்குவது அடிப்படை முறை. பலமாக வெடி வைத்தால் ஏற்கெனவே விரிசல் விழுந்த படிகம் தூளாகிவிடும். நசுக்கும் இயந்திரத்துக்கும் இதே கதி. படிகம் களிமண் நரம்பில் இருந்தால் எளிதாகக் கழன்றுவரும். திடமான ரயோலைட்டில் பதிந்திருந்தால் சுத்தியலால் பிரிக்கும்போது பாதி உடையும். அதனால் திடப்பாறையில் இருக்கும் நல்ல படிகங்களைப் பிரிக்காமல் பாறையோடு மாதிரியாக விற்பதே லாபம் என்ற நிலை உண்டு. அழகான ஒரு படிகத்தை வெட்டிச் சிறிய கல்லாக்குவதைவிட அப்படியே விடுவது பல சமயம் கூடுதல் விலை தரும்.

ரூபி வயலட் தனியார் சுரங்கம், உள்ளே போய்ப் பொறுக்க முடியாது. தாமஸ் மலைத்தொடரில் புஷ்பராக மலைப் பகுதியில் பொதுமக்கள் கல் தேட இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே புஷ்பராகம் கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் சிறு சிவப்பு பெரிலும். அதற்கு வெளியே தனியார் உரிமை எல்லைகள் தொடங்கிவிடும், எல்லைக் கம்பங்களைக் கவனித்து நிற்க வேண்டும்.

கையில் ஒரு சிவப்புக் கல் இருக்கிறது. சிவப்பு பெரிலா என்று எப்படிச் சோதிப்பது?

ஒளிவிலகல்மானி, அதாவது கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை எண்ணாகக் காட்டும் கருவி, இருந்தால் பாதி வேலை முடிந்தது. செய்முறை இப்படி:

கல்லைச் சோப்பு நீரில் கழுவி, பஞ்சில்லாத துணியால் துடைக்கவும். மானியின் கண்ணாடி மேல் தொடுதிரவத்தை (கல்லும் கண்ணாடியும் இடைவெளியில்லாமல் ஒட்ட உதவும் திரவம்) ஊசி முனை அளவுக்கு வைக்கவும். துளி பெரிதாக இருந்தால் சிறிய கல் மிதந்து சாயும், அளவீடு மங்கும். கல்லின் மேல்முகத்தைக் கீழாகத் திருப்பி, துளியின் மேல் நகர்த்தி உட்காரவைக்கவும். மஞ்சள் ஒற்றை நிற ஒளியில், முனைவாக்கி வடிகட்டியைத் திருப்பி, மேல் அளவு, கீழ் அளவு இரண்டையும் குறிக்கவும். பிறகு கல்லை 45 டிகிரி வீதம் சுற்றி, ஒவ்வொரு நிலையிலும் மறுபடி குறிக்கவும்.

சிவப்பு பெரிலுக்கு அளவுகள் 1.564-க்கும் 1.574-க்கும் இடையே விழும். இரண்டின் வித்தியாசம் 0.004 முதல் 0.009 வரை. சுற்றும்போது மேல் அளவு அசையாமல் நிற்கும், கீழ் அளவு மட்டும் நகரும். ரத்தினவியலில் 'ஒற்றை அச்சு, எதிர்க்குறி' என்று சொல்லும் வகை பெரில் என்பதன் அடையாளம் அது.

மாணிக்கம் 1.762 முதல் 1.770 வரை. ஸ்பைனல் 1.718 அருகே ஒரே அளவு காட்டும். சிவப்புக் கார்னெட்டும் ஒரே அளவுதான், பெரும்பாலும் 1.73-க்கு மேல். ரூபெலைட் என்ற சிவப்பு டூர்மலின் 1.624 முதல் 1.644 வரை, வித்தியாசம் 0.02 அருகே. சாயமேற்றிய குவார்ட்ஸ் 1.544–1.553. கண்ணாடி எந்த எண்ணையும் காட்டலாம், ஆனால் ஒரே ஒரு எண்ணைத்தான் காட்டும்.

மானி இல்லையென்றால் இருநிறமானி உதவும்; கல்லின் இரண்டு நிறங்களைப் பக்கத்துப் பக்கத்துச் சதுரங்களில் காட்டும் சிறு கருவி அது. சிவப்பு பெரிலில் இரண்டு சதுரங்களும் வேறுவேறாக இருக்கும்: ஒன்று ஊதாச் சிவப்பு, மற்றது ஆரஞ்சுச் சிவப்பு. ஸ்பைனல், கார்னெட், கண்ணாடி மூன்றும் இதிலேயே விலகிவிடும். மாணிக்கம் விலகாது, ஏனென்றால் அதுவும் இதே இரண்டு நிறங்களைக் காட்டும். அங்கே புறஊதா விளக்கை எடுங்கள். மாணிக்கம் பல சமயம் சிவப்பாக ஒளிரும், சிவப்பு பெரில் இருட்டாகவே கிடக்கும். ஒளிராத மாணிக்கமும் உண்டு என்பதால், ஒளிர்ந்தால் 'பெரில் இல்லை' என்று சொல்லலாம். ஒளிராவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது.

நீரில் எடைபோட்டு ஒப்படர்த்தி பார்த்தால் போதாதா?

பெரிய கல்லுக்குப் போதும். ஒப்படர்த்தி என்பது அதே கன அளவுள்ள நீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்பது. சிவப்பு பெரிலின் ஒப்படர்த்தி 2.66 முதல் 2.70 வரை, மாணிக்கத்துக்கு 4.00. ஆனால் இங்கே கல் சிறியது.

0.20 காரட் கல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீருக்குள் அது இழக்கும் எடை 0.075 காரட். தராசு 0.01 காரட் வரைதான் காட்டும் என்றால், அந்த இழப்பு 0.065 என்றோ 0.085 என்றோ வரலாம். எடையை இழப்பால் வகுத்தால் முதலாவதற்கு ஒப்படர்த்தி 3.08, இரண்டாவதற்கு 2.35. முதலாவதை நம்பினால் கல் டூர்மலின் ஆகிவிடும்! கல்லில் ஒட்டிய ஒரு காற்றுக்குமிழ் இன்னும் கெடுக்கும். 0.001 காரட் காட்டும் தராசு இல்லாமல் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம்.

அளவை வைத்துத் தோராயமாகப் பார்ப்பது இதைவிட உபயோகம். சாதாரண ஆழத்தில் வெட்டிய 4 மில்லிமீட்டர் வட்டக் கல், பெரிலானால் 0.20 காரட் அருகே இருக்கும். அதே அளவில் மாணிக்கம் 0.30 அருகே போகும். நகையில் கட்டாத கல் என்றால் அரை நிமிட வேலை.

செயற்கைச் சிவப்பு பெரில் உண்டா? எப்படிப் பிரிப்பது?

உண்டு. 1990-களின் நடுவில் ரஷ்யாவில் நீர்வெப்ப முறையில் செய்து சந்தைக்கு விட்டார்கள். அழுத்தக் கலத்துக்குள் சூடான நீர்க்கரைசலில், ஒரு வித்துத் தட்டின் மேல் பெரிலை வளர்ப்பார்கள். அதுவும் பெரில்தான் என்பதால் ஒளிவிலகல் எண்ணும் ஒப்படர்த்தியும் இயற்கைக் கல்லுக்கு வெகு அருகில் விழும். அந்த இரண்டை மட்டும் பார்த்து 'அசல்' என்று சொன்னால் ஏமாறுவீர்கள்.

இங்கேதான் எரிமலைப் பிறப்பு கைகொடுக்கிறது. பெரிலின் கட்டமைப்பில் நெடுக நுண்ணிய குழாய்கள் உண்டு. மரகதத்திலும் அக்குவாமரைனிலும் அவற்றில் நீர் மூலக்கூறுகள் அடைந்திருக்கும். வறண்ட ஆவியில் வளர்ந்த இயற்கைச் சிவப்பு பெரிலில் அந்தக் குழாய்கள் ஏறத்தாழக் காலி. நீருக்குள் வளர்த்த செயற்கைக் கல்லிலோ நீர் நிறைந்திருக்கும். ஆய்வகத்தில் அகச்சிவப்பு நிறமாலை எடுத்தால், 5,200–5,300 அலையெண் அருகே நீரின் உறிஞ்சல் பளிச்சென்று தெரியும் கல் செயற்கை. கல்லைச் சேதப்படுத்தாமல் சில நிமிடங்களில் முடிகிற சோதனை. கட்டிய நகையிலும் பெரும்பாலும் செய்யலாம்.

வீட்டிலும் கடையிலும் செய்யக்கூடியவை இரண்டு. முதலாவது, பத்து மடங்கு உருப்பெருக்கி. செயற்கைக் கல்லில் அம்புமுனை வரிசையாக அடுக்கியதுபோல் வளர்ச்சிக் கோடுகள் தெரியும். அவை நேராக முன்னால் பார்த்தால் தெரியாமல் போகும், கல்லைப் பக்கவாட்டில் மெதுவாகச் சாய்த்துக்கொண்டே பார்க்க வேண்டும். நீரில் முழுக்கிப் பார்த்தால் இன்னும் தெளிவு. இயற்கைக் கல்லிலோ, காயம் ஆறுவதுபோல் ஒட்டிக்கொண்ட 'ஆறிய' வெடிப்புகள் ரேகைபோல் வளைந்து ஓடும், குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் துணுக்குகளும் கறுப்புப் பிக்ஸ்பியைட் மணிகளும் கிடக்கும்.

இரண்டாவது, கைநிறமாலைமானி, அதாவது கல் எந்த நிற ஒளியை விழுங்குகிறது என்பதைக் கறுப்புக் கோடுகளாகக் காட்டும் சிறு கருவி. ரஷ்யச் செயற்கைக் கல்லின் நிறத்துக்குக் கோபால்ட் சேர்ப்பதால், 530 முதல் 590 நானோமீட்டர் வரை அடுக்கடுக்கான கோடுகள் விழும். இயற்கைக் கல்லில் அந்தக் கோபால்ட் கோடுகள் இருக்காது.

இவை எதுவும் கையில் இல்லாவிட்டால் ஒரு மோட்டா விதி: இரண்டு காரட், கண்ணாடிபோல் சுத்தம், விலையோ மலிவு என்று மூன்றும் சேர்ந்து வந்தால் அது செயற்கைதான்.

பெசோட்டைட்டைச் சிவப்பு பெரில் என்று விற்கிறார்கள், இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. 2002-இல் மடகாஸ்கர் பெக்மடைட்டிலிருந்து ராஸ்பெர்ரி நிறத்தில் படிகங்கள் வந்தபோது பலரும் அதைப் பெரில் என்றே நினைத்தார்கள். சீசியமும் லித்தியமும் நிறைந்த தனிக் கனிமம் என்று 2003-இல் உறுதியாகி, பெசோட்டைட் என்ற பெயர் வந்தது. பிரிப்பது சுலபம்: ஒளிவிலகல் எண் 1.60-ஐத் தாண்டும், ஒப்படர்த்தி 3.1 அருகே.

உள்ளே வெடிப்புள்ள கல்லை வாங்கலாமா?

வெடிப்பே இல்லாததைத் தேடினால் வாங்கவே முடியாது. கேட்க வேண்டியது, வெடிப்பு எங்கே இருக்கிறது, அதற்குள் என்ன இருக்கிறது என்பதை.

கல்லின் விளிம்பைத் தொடும் வெடிப்பு, மேல்முகத்தை அறுத்துச் செல்லும் வெடிப்பு இரண்டும் நகை கட்டும்போது விரிந்து கல்லைப் பிளக்கும். நடுவில் அடங்கிய ஆறிய வெடிப்பு ஆபத்தில்லை. மரகதத்துக்குச் செய்வதுபோல் இதற்கும் எண்ணெயோ பிசினோ ஊட்டி வெடிப்பை மறைப்பதுண்டு. ஒற்றை விளக்கின் கீழ் கல்லை அசைத்துப் பாருங்கள். பிசின் ஊறிய வெடிப்பு ஒரு கோணத்தில் ஆரஞ்சோ நீலமோ பளிச்சிட்டு, அடுத்த கோணத்தில் மறையும். சூடான ஊசியைக் கல்லுக்குக் கிட்டே கொண்டுபோனால் எண்ணெய் வியர்க்கும் என்று சிலர் செய்வார்கள். அடுத்தவர் கல்லில் அதைச் செய்யாதீர்கள்.

பிசின் ஏற்றியது குற்றமல்ல, சொல்லாமல் விற்பது குற்றம்.

பட்டை தீட்டுவோர் எதைக் கவனிக்க வேண்டும்?

கடினத்தன்மை 7.5 முதல் 8 வரை, மெருகு நன்றாக ஏறும். தொல்லை தருவது வெடிப்பும் அதற்குள் இருக்கும் களிமண்ணும். தீட்டும்போது களிமண் கரைந்து வெளியே வந்தால் அந்த இடம் குழியாகி, ஓரம் சில்லுச் சில்லாகப் பெயரும். கரட்டுத் தட்டில் அழுத்த வேண்டாம். மெல்லிய துகள் கொண்ட தட்டில் தொடங்கினால் நேரம் கூடும், கல் மிஞ்சும்.

அடிப்பகுதி முகங்களின் கோணத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. 1.57 ஒளிவிலகல் எண்ணுக்கு முழு எதிரொளிப்புக் கோணம் 39.6 டிகிரி. அடிமுகங்கள் அதற்குக் கீழே போனால் கல்லின் நடுவே ஓட்டை விழுந்ததுபோல் அடியிலிருப்பது தெரியும், சிவப்பு வெளிறிவிடும். 41 முதல் 43 வரை வைத்தால் சரியாக வரும். எடையைக் காப்பாற்ற அடியைத் தட்டையாக்கிய கற்கள் சந்தையில் நிறைய. அவற்றின் எடை காகிதத்தில் கூடும், நிறம் கையில் குறையும்.

நகையில் கட்டும்போதும் சுத்தம் செய்யும்போதும் என்ன ஜாக்கிரதை?

தோடு, பதக்கம் இரண்டும் பொருத்தம். மோதிரம் என்றால் கல்லைச் சுற்றி உலோக விளிம்பு மூடிப்பிடிக்கும் கட்டு நல்லது. நான்கு கொக்கியில் நிற்கவைத்தால் ஒவ்வொரு கொக்கியும் அழுத்தும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நகையைப் பற்றவைக்கும்போது கல் அதிலே இருக்கவே கூடாது. வெடிப்பில் அடைந்த திரவமும் வாயுவும் சூட்டில் விரிந்து கல்லைப் பிளக்கும், பிசின் இருந்தால் கருகும். கழற்றித் தனியே வைத்து, வேலை முடிந்து உலோகம் முழுதாக ஆறிய பிறகு கட்டச் சொல்லுங்கள். அவசரத்துக்குச் சூட்டோடு தண்ணீரில் முக்கும் பழக்கம் உள்ள பட்டறையில் இதை இரண்டு முறை சொல்லுங்கள்.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான நீர், ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, குழந்தைகளின் மென்மையான பல்துலக்கி போதும். அல்ட்ராசோனிக், நீராவி இரண்டும் வேண்டாம். பிசின் ஏற்றிய கல்லில் அசிட்டோன் படக் கூடாது, நகச்சாயம் நீக்கும் திரவத்திலும் அது உண்டு.

பெரிலியம் நச்சாயிற்றே, அணியலாமா?

அணியலாம். பெரிலியம் சிலிக்கேட் கட்டமைப்புக்குள் இறுகக் கட்டுண்டிருக்கிறது, வியர்வைக்கோ நீருக்கோ கரைந்து வராது. மரகதத்தை அணிவதில் என்ன ஆபத்து உண்டோ அதுதான் இதிலும், அதாவது ஒன்றுமில்லை. தீட்டுவோர் மட்டும் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. எப்போதும் நீர் ஓடவிட்டுத் தீட்டி, காய்ந்த சேற்றைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

நவரத்தினத்தில் மாணிக்கத்துக்குப் பதிலாக வைக்கலாமா?

நவரத்தின வரிசையில் இந்தக் கல் இல்லை. இருக்கவும் முடியாது, இது வெளியுலகுக்குத் தெரிந்ததே 1904-இல்தான். 'ராசிக்கு ஏற்ற சிவப்பு மரகதம்' என்று விற்றால் அது விற்பவரின் கற்பனை. சிவப்பு வேண்டும், விலை குறைய வேண்டும் என்பதற்காக இதை நாடுவதிலும் அர்த்தமில்லை. நல்ல சிவப்பு பெரிலின் காரட் விலை பல மாணிக்கங்களைத் தாண்டும்.

பெரில் தமிழ்நாட்டிலேயே உண்டே, சிவப்பு கிடைக்க வாய்ப்பிருக்கிறதா?

காங்கயம் அருகே படியூரில் எடுத்த கடல்நீலப் பெரில் ரோமானிய வணிகக் காலத்திலேயே பேர்பெற்றது. கொடுமணல் அகழாய்விலும் பெரில் மணி செய்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அந்தப் பெரில் மிகப் பழமையான பாறைகளை ஊடுருவிய பெக்மடைட்டில் வளர்ந்தது. ஃபுளோரின் மிகுந்த இளம் ரயோலைட் அங்கே இல்லை. அந்தப் பக்கம் சிவப்பாக ஏதாவது கிடைத்தால் கார்னெட்டாக இருக்கும்.

வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

ஆய்வகச் சான்றிதழில் மூன்று வரிகளைத் தேடுங்கள். இனம் 'இயற்கைப் பெரில்', வகை 'சிவப்பு பெரில்' என்று இருக்க வேண்டும். வெடிப்பு நிரப்பல் பற்றி, இருந்தால் அளவோடு, இல்லையென்றால் இல்லை என்று எழுதியிருக்க வேண்டும். எடையும் மில்லிமீட்டர் அளவும் கையிலுள்ள கல்லோடு ஒத்துப்போக வேண்டும். சான்றிதழ் ஒரு கல்லுக்கும் கல் வேறொன்றுக்குமாக இருப்பது இந்த வியாபாரத்தில் புதிதல்ல. அறிக்கை எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். ஜிஐஏ போன்ற ஆய்வகங்கள் அந்த வசதி தருகின்றன.

கால் காரட்டுக்குக் கீழுள்ள கல்லுக்குச் சான்றிதழ்ச் செலவு கட்டுபடியாகாது. அப்போது பல சிறு கற்களை மொத்தமாக வாங்கும்போது நாலைந்தை எடுத்து நிறமாலைமானியில் பார்த்தாலே கோபால்ட் கோடு காட்டிக்கொடுத்துவிடும். எல்லாம் ஒரே நிறம், ஒரே சுத்தம், ஒரே அளவு என்று இருக்கும் பொட்டலத்தில் கூடுதலாகவே எடுத்துப் பாருங்கள். வா வா மலைகளிலிருந்து வந்த பொட்டலத்தில் ஆரஞ்சும் ஊதாவும் கலந்திருக்கும், பாதிக் கற்களில் வெடிப்பு கண்ணுக்கே தெரியும்.